வாடகை சைக்கிள் கடையும் செல்போனும்!

செல்போன் திரையில் சக்கரம் சுற்றுகிறதே, அப்போது உள்ளே என்ன நடக்கிறது?

நம் ஊர்களில் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

கடை வாசலில் பத்து சைக்கிள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மட்கார்டிலும் பெயின்டால் ஒரு நம்பர் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டை எடுப்பார். பெயரை எழுதுவார். நேரத்தை எழுதுவார். "நாலாம் நம்பரை எடுத்துக்கோ" என்பார். வேலை முடிந்ததும் சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். எத்தனை மணி நேரமோ, அத்தனைக்கு வாடகை.

ஊரில் ஆயிரம் பேர். கடையில் இருந்ததோ பத்தே சைக்கிள். ஆனாலும் ஊர்க் காரியம் நடந்தது. எப்படி?

ஒருவர் இறங்கினார். அடுத்தவர் ஏறினார். சைக்கிள் இல்லாதபோது பெஞ்சியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்!

அந்தக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் அந்த உபாயம் மறையவில்லை. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் அதே உபாயம்தான் நடக்கிறது. பாங்கிக் கம்ப்யூட்டரிலும் அதுதான். ரெயில் டிக்கெட் தரும் கம்ப்யூட்டரிலும் அதுதான்.

அதைப் புரிந்துகொண்டால் ஒரு லாபம் உண்டு. பணம் அனுப்பும்போது பதறிப் போய் இரண்டு முறை அனுப்ப மாட்டீர்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

சைக்கிள் பழகிய ஜில்லா

சைக்கிளை வைத்துப் பாடம் சொல்லப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அத்துடன் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள்!

வயல் வேலை செய்த பெண்கள் பழகினார்கள். குடுமியான்மலைக் கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் பழகினார்கள். முதலில் சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் அதைச் சட்டை செய்யவில்லை. லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் ஓட்டும் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போயிற்று. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள்!

வீட்டில் ஒரு சைக்கிள்தான் இருக்கும். தண்ணீர் கொண்டு வர அதுதான். பிள்ளையைப் பள்ளியில் விட அதுதான். காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகவும் அதுதான். இருக்கிற ஒன்றை எல்லோரும் முறை வைத்துப் பயன்படுத்தும் வித்தை அந்தப் பெண்களுக்கு அத்துப்படி.

கம்ப்யூட்டர் என்ஜினீயர்களும் அதே வித்தையைத்தான் பயில்கிறார்கள்.

கல்லாவில் இருப்பவர் எழுந்து போனால்?

செல்போனுக்குள் ஆள் இல்லை. ஆனால் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

செல்போனில் உள்ள ஒவ்வொரு செயலியிலும் ஒரு முதல் ஆள் உண்டு. மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. திரையில் படம் காட்டுவது அவர் வேலை. நீங்கள் விரலால் தொட்டால் "என்ன வேண்டும்?" என்று கேட்பதும் அவரே.

இப்போது நீங்கள் ஒரு போட்டோவைக் கேட்கிறீர்கள். அது தூரத்தில், வேறு ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கல்லாவில் இருப்பவரே அதை எடுத்து வரப் போனால் என்ன ஆகும்? கடை அப்படியே நின்றுவிடும். நீங்கள் தொட்டால் பதில் இருக்காது. திரை உறைந்து போகும்.

ஆண்ட்ராய்டு செல்போனில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நீங்கள் தொட்டு 5 வினாடி ஆகியும் பதில் வராவிட்டால், "இந்தச் செயலி பதில் தரவில்லை, மூடிவிடலாமா?" என்று செல்போனே கேட்டுவிடும்.

ஆகவே, கல்லாவை விட்டு முதல் ஆள் நகரக் கூடாது. வெளி வேலைக்கு எடுபிடி ஆட்கள் வேண்டும். இந்த ஆட்களுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'த்ரெட்'. நூல் என்று பொருள். முதல் ஆளும் ஒரு நூல். எடுபிடிகளும் நூல்கள். பல நூல் சேர்ந்து துணி ஆவது போல, பல நூல் சேர்ந்து ஒரு செயலி ஓடுகிறது.

டிரங்க் கால் ஞாபகம்

வேலையைச் சொல்லிவிட்டு, அது முடியும் வரை நிற்காமல் அடுத்த காரியத்தைப் பார்ப்பது புதிய பழக்கம் அல்ல.

வெளியூருக்கு டிரங்க் கால் பேசிய காலத்தை எண்ணிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொல்லிப் பதிவு செய்வார்கள். பிறகு டெலிபோன் பக்கத்திலேயே தவம் கிடப்பார்களா? இல்லை. வீட்டு வேலையைப் பார்ப்பார்கள். லைன் கிடைத்ததும் எக்ஸ்சேஞ்சே மணி அடித்துக் கூப்பிடும்.

செல்போனும் அப்படித்தான் செய்கிறது. முதல் ஆள் வேலையைச் சொல்லி அனுப்புகிறார். தன் வேலையைப் பார்க்கிறார். எடுபிடி திரும்பி வந்ததும் "கொண்டு வந்துவிட்டேன்" என்று மணி அடிக்கிறார். அப்போது போட்டோ திரையில் தெரிகிறது.

எத்தனை பேருக்கு எத்தனை லைன் போட்டால் போதும்? இந்தக் கணக்கை நூறு வருஷத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். டென்மார்க் நாட்டில் ஏ.கே. எர்லாங் என்ற கணித நிபுணர் இருந்தார். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் 1909-ம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். ஊரில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு லைன் தேவையில்லை. பொதுவில் சில லைன் இருந்தால் போதும். இதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

ஆளுக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன?

"வேலைக்கு ஒரு எடுபிடி வைத்துவிட்டால் போகிறது! காத்திருக்கவே வேண்டாமே?" என்று தோன்றும்.

தோன்றுவது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் இடம் வேண்டும். உதாரணமாக, ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நூலுக்குச் சாதாரணமாக 1 எம்.பி. அளவு இடம் ஒதுக்கப்படுகிறது. ஆயிரம் நூல் என்றால் ஆயிரம் எம்.பி.! ஆளைப் பிடிக்க நேரம் ஆகிறது. வேலை முடிந்ததும் அனுப்பிவிட நேரம் ஆகிறது. ஆயிரம் பேரும் ஒரே வாசலில் முண்டினால் யாரும் உள்ளே போக முடியாது.

ஆகவேதான் சைக்கிள் கடை உபாயம். நாலு பேரையோ எட்டு பேரையோ நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். வருகிற வேலைகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு ஆள் வேலையை முடித்ததும் வீட்டுக்குப் போவதில்லை. வரிசையில் நிற்கும் அடுத்த வேலையை எடுத்துக்கொள்கிறார். பொதுவில் வைத்திருக்கும் இந்தக் கூட்டத்துக்கு 'த்ரெட் பூல்' என்று பெயர்.

எத்தனை பேர்? இடத்துக்கு இடம் மாறும். நோட் ஜே.எஸ். என்ற மென்பொருள் 4 பேரை வைத்துக்கொள்கிறது. வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். 2014-ம் ஆண்டில் வந்த ஜாவா 8 வேறு கணக்கு வைத்தது. கம்ப்யூட்டரில் 8 மூளை இருந்தால் பொதுக் கூட்டத்தில் 7 பேர். எட்டாவது மூளை? வேலையைச் சொன்ன ஆளும் ஒரு கை கொடுப்பார் அல்லவா, அவருக்கு!

ஒன்றா? பலவா?

ஆண்ட்ராய்டு செல்போனின் கதை வேடிக்கையானது.

2009-ம் ஆண்டு. ஆண்ட்ராய்டு 1.5 வந்தது. பின்னணி வேலைக்கு 'ஏசிங்க் டாஸ்க்' என்ற வசதியைக் கொடுத்தார்கள். அதில் எடுபிடி ஒருவர்தான். வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன.

"ஒரு ஆள் போதவில்லை" என்றார்கள். அதே ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 1.6-ல் பல எடுபிடிகளை வைத்தார்கள். வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன. வேகம் வந்தது. கூடவே வில்லங்கமும் வந்தது!

என்ன வில்லங்கம்? ஒரே கணக்கு நோட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இருப்பு 500 ரூபாய். முதல் குமாஸ்தா 500 என்று பார்க்கிறார். 100 வரவு. மனதில் 600 என்று கூட்டுகிறார். அதே நேரத்தில் இரண்டாவது குமாஸ்தாவும் 500 என்று பார்க்கிறார். 200 வரவு. 700 என்று கூட்டுகிறார். முதல்வர் 600 என்று எழுதுகிறார். இரண்டாமவர் அதை அடித்துவிட்டு 700 என்று எழுதுகிறார்.

உண்மையில் 800 இருக்க வேண்டும். 100 ரூபாய் எங்கே? யாரும் திருடவில்லை. ஆனால் காணோம்!

இப்படிப்பட்ட தவறுகள் மலிந்ததால், 2011-ம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 3.0-ல் மறுபடியும் "ஒவ்வொன்றாகச் செய்" என்று மாற்றிவிட்டார்கள். பல ஆட்கள் வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் 2020-ம் ஆண்டில், ஆண்ட்ராய்டு 11 வந்தபோது, "இனி ஏசிங்க் டாஸ்க்கைப் பயன்படுத்த வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எடுபிடி சாமான் வாங்கப் போயிருப்பார். அதற்குள் நீங்கள் செல்போனைப் படுக்க வைத்துத் திருப்பிவிடுவீர்கள். பழைய திரை போய்ப் புதிய திரை வந்துவிடும். சாமானோடு திரும்பியவர் பழைய விலாசத்தைத் தேடி நிற்பார். அனுப்பியவர் அங்கே இல்லை! செயலி தடுமாறி விழுந்துவிடும்.

சினிமாக் கொட்டகையில் நிற்கும் சைக்கிள்

பொதுவில் வைத்த பொருளுக்கு இரண்டு ஆபத்து உண்டு. சைக்கிள் கடைக்காரருக்கு இரண்டும் தெரியும்.

முதல் ஆபத்து: எடுத்தவர் திருப்பித் தருவதில்லை.

கடையில் பத்து சைக்கிள். ஒவ்வொருவரும் அரை மணி நேரத்தில் திருப்பினால், ஒரு மணி நேரத்தில் 20 பேர் போய் வரலாம். அதில் நாலு பேர் சினிமாக் கொட்டகைக்குப் போய், வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மூன்று மணி நேரம் படம் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் ஆறு சைக்கிள். மணிக்கு 12 பேர்தான் போகலாம். டாக்டரைக் கூப்பிட ஓடி வந்தவரும் பெஞ்சியில் காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் சினிமாப் பார்ப்பவர் யார்? வேறொரு கம்ப்யூட்டரின் பதிலுக்காகச் சும்மா காத்து நிற்கும் ஆள்! அவர் வேலை செய்யவில்லை. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நல்ல என்ஜினீயர்கள் கெடு வைக்கிறார்கள். "இத்தனை வினாடிக்குள் பதில் வராவிட்டால் திரும்பி வா" என்பது உத்தரவு. அதோடு நீண்ட வேலைக்குத் தனிக் கூட்டம், அவசர வேலைக்குத் தனிக் கூட்டம் என்றும் பிரித்து வைக்கிறார்கள்.

சாப்பாடு வரவில்லை!

இரண்டாவது ஆபத்து இன்னும் பொல்லாதது.

பத்து அண்ணன்மார் பத்து சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். "சாப்பாடு வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்" என்றார்கள். சாப்பாட்டைக் கொண்டு வர வேண்டியவர்கள் தம்பிமார். தம்பிமார் கடைக்கு வந்தார்கள். சைக்கிள் இல்லை. பெஞ்சியில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் தம்பிக்காகக் காத்திருக்கிறார். தம்பி சைக்கிளுக்காகக் காத்திருக்கிறார். சைக்கிளோ அண்ணனிடம் இருக்கிறது! சாயங்காலம் ஆனாலும் யாரும் நகர முடியாது. யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் காரியம் கெட்டது.

கம்ப்யூட்டரிலும் இப்படியே நடக்கிறது. பொதுக் கூட்டத்தில் உள்ள எல்லா ஆட்களும், அதே கூட்டத்துக்கு இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு, அது முடியட்டும் என்று காத்திருப்பார்கள். அதைச் செய்ய ஆள் மிச்சமில்லை. கம்ப்யூட்டர் சூடாகவும் இருக்காது. பிழை என்று கத்தவும் கத்தாது. சும்மா இருக்கும்!

பரிகாரம் என்ன? காத்திருப்பவர் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது சாப்பாட்டுக்கென்று இரண்டு சைக்கிள் தனியாக ஒதுக்க வேண்டும். அல்லது அண்ணனே போய்ச் சாப்பாட்டை எடுத்து வர வேண்டும். மூன்று வழியும் இன்று மென்பொருளில் வழக்கத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு நாள்

"இது சின்ன விஷயம்தானே?" என்று எண்ண வேண்டாம்.

2020-ம் ஆண்டு நவம்பர் 25-ம் தேதி. அமேசான் கம்பெனி மற்றக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்கள் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கின்றன. அங்கே 'கினசிஸ்' என்ற பகுதியில் சில கம்ப்யூட்டர்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் அங்கிருந்த முன்வரிசைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும், மற்ற ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் பேச ஒரு தனி நூலை வைத்திருந்தது. கூட்டம் கூடக் கூட ஒவ்வொன்றிலும் நூல் கூடியது. "இதற்கு மேல் ஆள் வைக்கக் கூடாது" என்று ஒரு வரம்பு இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன!

இந்திய நேரப்படி அன்று மாலை 6-45 மணிக்கு முதல் எச்சரிக்கை வந்தது. எல்லாம் சீரானபோது மறுநாள் பகல் 11-53 மணி. 17 மணி நேரம்! அதை நம்பியிருந்த பல கம்பெனிகளின் சேவைகள் தடைப்பட்டன. வீடு பெருக்கும் இயந்திரத்தை இயக்கும் செயலி கூட மக்கர் செய்தது.

அமேசான் செய்த பரிகாரம் என்ன? இன்னும் ஆளைக் கூட்டவில்லை. பெரிய கம்ப்யூட்டர்களைப் போட்டு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எண்ணிக்கை குறைந்ததும் நூலும் குறைந்தது.

பணம் அனுப்பும் தாய்மார்களுக்கு

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

ஆலங்குடியில் ஒரு தாய். மகள் திருச்சியில் படிக்கிறாள். பீஸ் கட்ட இன்று கடைசி நாள். தாய் செல்போனை எடுத்தாள். தொகையைப் போட்டாள். ரகசிய எண்ணைத் தட்டினாள். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தாயின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பணம் போயிற்றா, போகவில்லையா? "இன்னொரு தடவை போட்டுப் பார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

நில்லுங்கள், அம்மா! போடாதீர்கள்!

சக்கரம் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் என்ன அர்த்தம்? முதல் ஆள் கல்லாவில் இருக்கிறார். எடுபிடி வெளியே போயிருக்கிறார். உங்கள் பாங்கியிலோ, பணம் போய்ச் சேர வேண்டிய பாங்கியிலோ வேலை வரிசையில் நிற்கிறது. வேலை தொலையவில்லை. காத்திருக்கிறது.

நீங்கள் மறுபடியும் ரகசிய எண்ணைத் தட்டினால், அது பழைய வேலையை விரட்டாது. புது வேலையாக வரிசையின் கடைசியில் நிற்கும். இரண்டும் நடந்தால் பணம் இரண்டு முறை போய்விடும்!

பிறகு என்ன செய்வது? செயலியில் பழைய வரவு செலவுகளைக் காட்டும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 'நிலுவை' என்றோ, 'தோல்வி' என்றோ, 'முடிந்தது' என்றோ இருக்கும். 12 இலக்க எண் ஒன்றும் இருக்கும். ரேஷன் கடைச் சீட்டு போல அதுதான் உங்கள் அத்தாட்சி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் பணம் குறைந்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால்? அதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், அதிகபட்சம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்திய பணம் என்றால் 5 நாளைக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால், ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு தர வேண்டும். கேட்டு வாங்கும் தயவு அல்ல அது. உங்கள் உரிமை!

சக்கரமே சுற்றாமல் திரை உறைந்து போனால்? அப்போது முதல் ஆளே மாட்டிக்கொண்டார் என்று பொருள். செயலியை மூடித் திறக்கலாம். ஆனால் திறந்ததும் பணத்தை அனுப்பாதீர்கள். முதலில் பழைய கணக்கைப் பாருங்கள்.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு

அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் கீரனூரிலும் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை.

நாளை நீங்கள் எழுதப் போகும் செயலியில் ஒரு தாய் பணம் அனுப்புவாள். ஒரு விவசாயி பம்பு செட்டை ஓட வைப்பார். ஆகவே பொதுக் கூட்டத்தில் இருந்து ஆளை எடுத்தால் சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள். திருப்பித் தர முடியாத வேலைக்குத் தனி ஆள் வையுங்கள். கையில் ஆளை வைத்துக்கொண்டே இன்னொரு ஆளுக்குக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் சீட்டு நம்பர் கொடுங்கள். ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால் ஒரு முறைதான் கணக்கில் சேர வேண்டும்.

சக்கரம் சுற்றும்போது "உங்கள் வேலை வரிசையில் இருக்கிறது" என்று தமிழில் ஒரு வரி எழுதிக் காட்டுங்கள். அந்த ஒரு வரி பல நெஞ்சுகளின் படபடப்பை நிறுத்தும்.

1991-ல் சைக்கிள் பழகிய பெண்களில் பலர் இன்று பாட்டிகள். அவர்கள் கையிலும் செல்போன் இருக்கிறது. சைக்கிளை எடுத்தால் திரும்பக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்தவர் காத்திருப்பார் என்பதும் தெரியும்.

பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் படிக்க வேண்டிய பாடமும் அதுதான்!